ஆயுத பூஜை நேரத்துக்கு முதல் ஸ்டார்ட் கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆயுத பூஜை நெருங்குகிறது. மதுரை வட்டாரத்தில் கார் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இது எப்படிப்பட்ட சமயம் என்று சொல்ல வேண்டியதில்லை. மாதக்கணக்கில் பிரித்துப் போட்டபடி கிடந்த வண்டிக்கெல்லாம் திடீரென்று அவசரம் வந்துவிடும். லேத்திலிருந்து (கடைசல் பட்டறையிலிருந்து) இன்ஜின் பிளாக் வரவில்லை, பிஸ்டன் ரிங் செட் கிடைக்கவில்லை என்று நாங்கள் என்ன சொன்னாலும் "பூஜை அன்னைக்கு வண்டி நிக்கணும்ணே" என்பதுதான் பதில். நிற்கட்டும், அதில் தப்பில்லை. ஆனால் புதிதாக வேலை பார்த்துக் கட்டிய இன்ஜினின் முதல் ஸ்டார்ட்டையே பூஜை நேரத்தில், மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, குடும்பமே சுற்றி நிற்கச் செய்யச் சொல்கிறார்களே, அதை மட்டும் விட்டுவிடச் சொல்லித்தான் இந்தக் கடிதம். முதல் ஸ்டார்ட் பட்டறைக்குள்ளேயே, வேடிக்கை பார்க்க ஆளில்லாமல், சில நாள் முன்னதாகவே நடந்து முடிந்திருக்க வேண்டும். சாமி கும்பிட்டுப் போடுவது இரண்டாவது ஸ்டார்ட்டாக இருந்தால் சாமி கோபித்துக்கொள்ளாது.

நான் சொல்வது பெரும்பாலும் பழைய வண்டிக்காரர்களுக்கு. அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது, பிரீமியர் பத்மினி அதற்கும் முன்பே போய்விட்டது. ஆனாலும் தாத்தா வாங்கிய வண்டி, அப்பா ஓட்டிய வண்டி என்று வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கிடந்ததை எடுத்து இன்ஜின் இறக்கி வேலை பார்க்கும் இளைஞர்கள் இப்போது நிறைய வருகிறார்கள். நல்ல விஷயம். சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, கிராங்கைக் கிரைண்ட் செய்து, வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம் ஷாஃப்டும் அது தள்ளும் டப்பெட்டும் புதுசாக வாங்கி, இவ்வளவுக்கும் முகம் சுளிக்காமல் பணம் கொடுக்கிறார்கள். கடைசி அரை மணி நேரத்துக்குத்தான் பொறுமை இருப்பதில்லை.

என்ன நடக்கிறது என்றால், பூஜை அன்று காலையில் எல்லோரும் வந்துவிடுகிறார்கள். அது வெள்ளிக்கிழமையாக இருந்துவிட்டால் 10.30-க்கு ராகு காலம் பிறந்துவிடும். "அண்ணே, பத்தரைக்குள்ள ஸ்டார்ட் பண்ணிருவீங்கல்ல?" "சார், ரேடியேட்டர்ல இன்னும் தண்ணியே ஊத்தலை சார்." "அதெல்லாம் அஞ்சு நிமிசத்துல ஊத்திரலாம்ணே." இப்படி ஊற்றி, சூடம் காட்டி, செல்ஃப் அடித்தால் பிடிக்காது. பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பு, இன்னொரு தடவை அடி, கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் ஊற்று, இன்னொரு தடவை அடி. பேட்டரி இறங்குகிற நேரத்துக்கு எப்படியோ பிடித்துக்கொள்ளும். பிடித்த உடனே மெக்கானிக் என்ன செய்வார்? ஐட்லிங்கைக் குறைத்து, சத்தமே இல்லாமல் ஓடுகிறது பாருங்கள் என்று காட்ட டப்பெட் கவர் மேல் ஒரு ரூபாய்க் காசை நிறுத்தி வைப்பார். காசு விழாமல் நிற்கும். எல்லோரும் கைதட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள். கவருக்குக் கீழே அந்த நேரத்தில்தான் புதுக் கேம் ஷாஃப்ட் தேய்ந்துகொண்டிருக்கும்.

ஏன் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினிலும் பத்மினியின் 1089 சிசி இன்ஜினிலும் கேம் ஷாஃப்ட் கீழே பிளாக்குக்குள் இருக்கிறது. அதன் லோப், அதாவது முட்டை வடிவப் புடைப்பு, நேராக டப்பெட்டின் அடிப்பாகத்தில் உரசித்தான் தூக்குகிறது, நடுவில் உருளை எதுவும் கிடையாது. புது அம்மியும் குழவியும் ஒன்றுக்கொன்று பழகுவது போல ஒவ்வொரு லோபும் தன் டப்பெட்டோடு பழக வேண்டும், அது நடப்பது முதல் 20 நிமிடத்தில். அந்த இடத்துக்கு எண்ணெயைப் பிரஷரில் கொண்டுபோகத் தனி வழி இல்லை. கிராங்கும் கனெக்டிங் ராடும் சுழலும்போது தெறிக்கிற எண்ணெய்தான் லோபை நனைக்கிறது. ஐட்லிங்கில் கிராங்க் மெதுவாகச் சுற்றுவதால் தெறிப்பது குறைவு. போதாததற்கு வேகம் குறைவாக இருக்கும்போதுதான் வால்வு ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் லோபின் மூக்கில் உட்காரும். அதனால்தான் பிடித்த நொடியே நிமிடத்துக்கு 2000 சுற்றுக்குக் கொண்டுபோய், 2000-க்கும் 2500-க்கும் நடுவில் மெல்ல ஏற்றி இறக்கி 20 நிமிடம் ஓட்டச் சொல்வது. அதுவரை ஐட்லிங் கூடாது. டப்பெட் தன் இடத்தில் தானாகச் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். சுழலாமல் ஒரே இடத்தில் நின்று உரசினால் லோபின் மேல் இருக்கும் கெட்டித்தோல் போய்விடும், அப்புறம் தேய்மானத்தை நிறுத்த முடியாது. ஒரு மாதம் கழித்து "டப்பெட் கேப் திரும்பத் திரும்பக் கூடுதுண்ணே, கார்புரேட்டர் வழியா டப்பு டப்புனு அடிக்குது" என்று வண்டி திரும்பி வரும். அதற்குத் திரும்பவும் முதலிலிருந்து வேலை. உலோகத்தூள் எண்ணெயோடு கலந்து புதுப் பேரிங்குக்கும் போயிருக்கும் என்பதால் வெறும் கேம் மட்டும் மாற்றினால் போதாது.

ஆக, இதில் முக்கியமானது என்னவென்றால் செல்ஃப் அடித்த உடனே இன்ஜின் பிடித்துக்கொள்ள வேண்டும். நிமிடக்கணக்கில் செல்ஃப் அடித்துக்கொண்டிருந்தால் லோபில் தடவிய பசையெல்லாம் அதிலேயே வழித்துக்கொண்டு போய்விடும். உடனே பிடிக்க வைப்பதற்குத்தான் ஒரு நாள் தனியாகக் கேட்கிறேன்.

அந்த நாளில் முதல் வேலை எண்ணெய். இன்ஜின் கட்டும்போதே லோபிலும் டப்பெட் அடியிலும் மாலிப்டினம் கலந்த பசை தடவியிருக்க வேண்டும். பேரிங்கில் வெறும் ஆயில் விட்டுக் கட்டியிருந்து, இன்ஜின் வாரக்கணக்கில் மூலையில் கிடந்தால் அது வடிந்து போயிருக்கும். பம்பும் காய்ந்து கிடந்தால் எண்ணெயை இழுக்காது. அதனால் பம்ப்பைக் கட்டும்போது உள்ளே கொஞ்சம் வாசலின் வைத்து மூடுவது பழைய பழக்கம், நல்ல பழக்கம். இதெல்லாம் இருந்தாலும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் எண்ணெய் எல்லா வழியிலும் ஏறியாக வேண்டும். சாதாரண வழி, நாலு பிளக்கையும் கழற்றிவிட்டுச் செல்ஃப் அடிப்பது. கம்ப்ரஷன் இல்லாததால் இன்ஜின் லேசாகச் சுற்றும், பேரிங்குக்குச் சுமை இல்லை. பத்துப் பதினைந்து நொடி அடித்து, செல்ஃப் மோட்டாரை ஆறவிட்டு, மறுபடி அடித்து, ஆயில் பிரஷர் முள் எழுந்த பிறகுதான் நிறுத்த வேண்டும். பிளக் கழற்றியிருக்கும்போது காயில் ஒயரைப் பிடுங்கி வைக்க மறக்காதீர்கள்.

எனக்குப் பிடித்தது வேறொரு வழி. தோட்டத்துக்கு மருந்தடிக்கும் கை ஸ்பிரேயர் ஒன்று புதுசாக வாங்கி (மருந்து அடித்ததைக் கழுவி எடுத்து வராதீர்கள், தயவு செய்து), அதில் இன்ஜின் ஆயிலை ஊற்றி, அதன் குழாயை பிளாக்கில் பிரஷர் கேஜ் மாட்டும் துளையில் பொருத்தி, காற்றடித்து எண்ணெயை உள்ளே தள்ளுவது. டப்பெட் கவரைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால் கொஞ்ச நேரத்தில், வால்வை அழுத்தும் ராக்கர்கள் மாட்டியிருக்கும் ராக்கர் ஷாஃப்டில் ஒவ்வொரு ராக்கர் ஓரத்திலும் எண்ணெய் துளித்துளியாகக் கசிந்து வழியும். அதை ஒரு தடவை பார்த்துவிட்டால் மனசு நிம்மதி. நடுநடுவே கிராங்கை ஸ்பேனர் போட்டுக் கையால் கொஞ்சம் திருப்பிவிட வேண்டும், அப்போதுதான் துளைகள் நேருக்கு நேர் வந்து எல்லா இடத்துக்கும் போகும். ஏதாவது ஒரு ராக்கர் மட்டும் காய்ந்தே இருந்தால் லேத்தில் போர் போட்ட துகள் எங்கோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம். ஆயில் வழிகளைக் கம்பி பிரஷ் விட்டுக் கழுவாமல் அப்படியே கொடுத்துவிடும் லேத்துகளும் இருக்கின்றன. அதைப் பூஜை அன்று கண்டுபிடித்து என்ன பிரயோஜனம்?

எந்த எண்ணெய் என்பதிலும் தகராறு உண்டு. பையன்கள் ஆசையாக விலை கூடிய சிந்தெடிக் ஆயிலோடு வருகிறார்கள். இந்த இன்ஜினுக்கு முதல் ஓட்டத்துக்கு அது வேண்டாம். லோபையும் டப்பெட்டையும் காப்பாற்றுவது ஆயிலில் இருக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் கலவை. கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கிறது என்பதால் 2004-ல் வந்த ஏபிஐ எஸ்எம் என்ற ஆயில் தரத்திலிருந்து மெல்லிய கிரேடு பெட்ரோல் ஆயில்களில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் கட்டிவிட்டார்கள். புது வண்டிக்கு அது சரி. அம்பாசடருக்குச் சாதாரண மினரல் 20டபிள்யூ-50, துத்தநாகம் கூடுதலாக உள்ளது கேட்டு வாங்கினால் போதும், கேன் விலையும் குறைவு. புது இன்ஜின் பழகுவதற்கென்று பிரேக்-இன் ஆயில் என்றே விற்பது கிடைத்தால் இன்னும் நல்லது.

அப்புறம் டைமிங், அதாவது பிளக்கில் பொறி வர வேண்டிய நேரம். முதல் பிஸ்டன் மேலே வருவது இரண்டு தடவை, கம்ப்ரஷனில் ஒரு தடவை, எக்ஸாஸ்ட் முடிவில் ஒரு தடவை. கப்பியில் உள்ள குறி இரண்டுக்கும் ஒரே இடத்தில்தான் நிற்கும். குறியை மட்டும் பார்த்து டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டினால் பாதிப் பேர் தலைகீழாக மாட்டிவிடுகிறார்கள். அந்த "பிடிக்கலையே பிடிக்கலையே" கதை பெரும்பாலும் இதுதான். முதல் பிளக் துளையில் விரலை வைத்து அழுத்திக்கொண்டு இன்ஜினைக் கையால் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வந்தால் அது கம்ப்ரஷன். அங்கே நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் ரோட்டார் முதல் பிளக் ஒயரைப் பார்க்கும்படி வைத்து, அங்கிருந்து 1, 3, 4, 2 என்று மாட்டிக்கொண்டு வர வேண்டும், அம்பாசடரில் ரோட்டார் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் சுற்றுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட்டின் கேப்பை 15 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) சுமாருக்கு வைத்து, பாயின்ட் திறக்கிற இடத்தை டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்துவிட்டால் போதும்.

டப்பெட் கேப்பும், அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் விடும் இடைவெளியும், அன்றே திரும்பப் பார்க்க வேண்டும். ஒரு ராக்கர் இறுக்கமாக இருந்தால் வால்வு மூடாது, கம்ப்ரஷன் நிற்காது. அம்பாசடருக்குப் பழைய மேஸ்திரிகள் கற்றுக்கொடுத்த ஒன்பது கணக்கு இருக்கிறதே, அதைவிடச் சுலபம் வேறில்லை. 8-வது வால்வு முழுக்க அமுங்கி நிற்கும்போது 1-ஐப் பார், 6 அமுங்கும்போது 3, 5 அமுங்கும்போது 4. கூட்டினால் எப்போதும் ஒன்பது வர வேண்டும். பதிமூன்று வயதுப் பையனுக்கும் ஒரு தடவை சொன்னால் மறக்காது.

பெட்ரோல் பற்றி ஒரு வார்த்தை. டேங்கில் கிடந்த பழைய பெட்ரோலைக் கீழே இறக்கிவிடுங்கள். இப்போது பங்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, அது ஈரத்தை இழுக்கும், அந்தக் காலத்து ரப்பர் குழாய்களையும் ஊறவைத்துக் கெடுக்கும். சைலன்ஸர் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் ரப்பர் குழாய் கசிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டாம். எத்தனால் தாங்கும் குழாய் போட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தைக் கையாலேயே நிரப்பி வைத்துவிட்டால் பெட்ரோல் வருவதற்காகச் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்காது.

ரேடியேட்டருக்கு நம் ஊர் போர்த்தண்ணீரை ஊற்றாதீர்கள். மதுரையைச் சுற்றிப் பல இடத்தில் அது எப்படி இருக்கும் என்று குளியலறைக் குழாயில் வெள்ளை படிந்திருப்பதைப் பார்த்தாலே தெரியும், அதே உப்பு பிளாக்குக்குள்ளேயும் படியும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும். மெதுவாக ஊற்றி, மேல் குழாயைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டால் உள்ளே மாட்டிய காற்று குமிழ் குமிழாக வெளியே வரும். பத்தரைக்குள் முடிய வேண்டுமென்று மடமடவென ஊற்றினால் காற்று ஹெட்டுக்குள் நின்றுவிடும், டெம்பரேச்சர் முள் சும்மா இருக்கும்போதே ஹெட் காய்ந்துபோகும்.

ஒரு சின்ன விஷயம், அடிக்கடி மறப்பது: இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள எர்த் பட்டை. இன்ஜினை இறக்கும்போது கழற்றியது, ஏற்றும்போது மூலையில் கிடக்கும். செல்ஃப் அடித்தால் கரண்ட் வேறு வழியில்லாமல் சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகப் போகும். கேபிள் சிவந்து புகை வந்த பிறகுதான் "அய்யோ எர்த்" என்பார்கள்.

இத்தனையும் முடிந்தால் விடிகாலையில் ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி நின்ற இடத்திலேயே 2000-ல் 20 நிமிடம் ஓடும்போது மதுரை வெயிலில் ரேடியேட்டர் திணறும். அதன் முன்னால் கல்யாண மண்டபத்தில் வைக்கிற பெரிய பெடஸ்டல் ஃபேன் ஒன்றைப் போட்டுவிடுவோம். வண்டியின் பின்பக்கம் ஷெட்டுக்கு வெளியே இருக்க வேண்டும், புகை உள்ளே தங்கினால் ஆளைக் கொல்லும். சக்கரத்துக்குக் கட்டை, பக்கத்தில் தீயணைப்பான். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர், இரண்டே பேர். உள்ளே இருப்பவர் கண் ஆயில் பிரஷரில். பத்து நொடிக்குள் முள் எழவில்லை என்றால் யோசிக்காமல் சாவியைத் திருப்பி அணைத்துவிட வேண்டும். வெளியே இருப்பவர் டார்ச் அடித்துக்கொண்டு எண்ணெய், தண்ணீர், பெட்ரோல் எங்கே கசிகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். முதல் சில நிமிடம் மேனிஃபோல்டில் பட்ட எண்ணெயும் புதுப் பெயின்ட்டும் கருகிப் புகையும், அதற்குப் பயப்பட வேண்டாம். கசிவோ சூடோ வந்தால் ஐட்லிங்குக்கு இறக்கிப் பார்க்கக் கூடாது. நேராக அணை, சரிசெய், திரும்ப ஸ்டார்ட் செய்து 2000-லேயே மிச்ச நேரத்தை ஓட்டு. இதைக் குழந்தை குட்டிகளும் சூடத்தட்டும் சுற்றி நிற்கும்போது எப்படிச் செய்வது, நீங்களே சொல்லுங்கள். பெட்ரோல் குழாய் கசிகிறதா என்று பார்க்க வேண்டிய நேரத்தில் பக்கத்திலேயே சூடம் எரிகிறது!

20 நிமிடம் ஆனதும் சூடாக இருக்கும்போதே எண்ணெயை இறக்கி, ஒரு வெள்ளைத் துணி வழியாக வடித்துப் பாருங்கள். தடவிய பசையின் சாம்பல் நிறம் இருக்கும், அது சரி. காந்தத்தில் ஊசி ஊசியாக ஒட்டினாலோ, வெள்ளி மினுமினுப்பு இருந்தாலோ வண்டியை வெளியே விடக்கூடாது. ஃபில்டரும் எண்ணெயும் புதுசு. ஆறிய பிறகு டப்பெட் கேப் இன்னொரு தடவை. பழைய வகை ஹெட் கேஸ்கெட் என்றால் ஹெட் நட்டும் டார்க் ரெஞ்சில் இன்னொரு தடவை.

அதன் பிறகு ரோட்டுக்குப் போகலாம், போகத்தான் வேண்டும். நிற்க வைத்து ஓட்டினால் கேம்தான் பழகும், ரிங் பழகாது. ரிங் போரோடு உட்கார வேண்டுமென்றால் சுமை வேண்டும். திருமங்கலம் பக்கம் நான்கு வழிச்சாலையில் காலையில் போய் மூன்றாம் கியரில் 40-லிருந்து 60 வரை நன்றாக மிதித்து ஏற்றுவது, காலை எடுத்து அதுவாகவே இறங்க விடுவது, மறுபடி ஏற்றுவது, இப்படிப் பல தடவை. "புது இன்ஜின், மெதுவா ஓட்டு" என்று உருட்டிக்கொண்டே போனால் போர் பளபளப்பாகிவிடும், ரிங் உட்காராது, ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். அதற்காக முதல் நாளே கொடைக்கானல் மலை ஏற்றவும் வேண்டாம். 500 கிலோமீட்டரில் ஒரு ஆயில் மாற்றம், அதன் பிறகு வழக்கம் போல.

1800 சிசி இசுசு இன்ஜின் போட்ட அம்பாசடரிலும் மாருதி 800-லும் கேம் மேலே ஹெட்டில் இருக்கிறது, ரோலர் வைத்த புது இன்ஜின்களுக்கு இந்த 20 நிமிடக் கணக்கே கிடையாது. ஆனால் எண்ணெய் ஏற்றுவதும் காற்று எடுப்பதும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். டர்போ டீசல்காரர்கள் இதைப் படித்துவிட்டு ஸ்டார்ட் ஆன உடனே மிதித்துவிடாதீர்கள். டர்போவுக்கு எண்ணெய் போய்ச் சேரும்வரை அது மெதுவாகத்தான் ஓட வேண்டும்.

பட்டறைக்காரர்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த ஒரு நாள் வேலையை நாம் பில்லில் எழுதுவதே இல்லை, அதனால்தான் அப்படி ஒரு வேலை இருப்பதே வண்டிக்காரருக்குத் தெரிவதில்லை. பிரேக்-இன் ஆயில், இரண்டாவது ஆயில், இரண்டு ஃபில்டர், முதல் ஓட்டக் கூலி என்று தனித்தனி வரியாக எழுதி, எஸ்டிமேட்டிலேயே காட்டுங்கள். வண்டிக்காரர்களும் எஸ்டிமேட்டில் அந்த வரி இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். பூஜைக்கு வண்டி வேண்டும் என்பவர்கள் பிளாக் லேத்திலிருந்து எப்போது வரும் என்று இன்றைக்கே கேட்டு, அதிலிருந்து நாளை எண்ணிப் பாருங்கள். நாள் போதவில்லை என்றால் பூஜை அன்று பானெட்டைத் திறந்து, இன்ஜினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போங்கள். சாவியைத் திருப்புவது அடுத்த வாரம்.

இப்படிக்கு,
ஒரு பட்டறைக்காரர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.